கற்கள் வீடு திரும்பிய ஊர்

ஆனையப்பபுரத்துக் கல்பாலத்திலிருந்து முதல் கல் வீடு திரும்பியது ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில். அது ஓட்டைப் பிரிக்காமல், கதவைத் தட்டாமல், தெருநாயைக்கூடக் குரைக்கவிடாமல், பேரூராட்சித் தலைவர் ஆறுமுகநயினாரின் படுக்கையறைக்குள் வந்து, கட்டிலுக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவில், மேலெல்லாம் பாசியும் ஈரமுமாக, முதுகில் ஒரு நண்டை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண் விழித்த தலைவர் அதைத் தன் மைத்துனன் செய்த வேலை என்று நினைத்தார். அவர் மனைவியோ, கணவர் யாரிடமோ வாங்கிவந்த லஞ்சம் என்று நினைத்தாள். அதனால் இரண்டு பேரும் காப்பி குடித்து முடிக்கும்வரை அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

பாலத்தில் ஒரு கல் இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது, அதன் வழியே தண்ணீர் தெரிகிறது என்று கால்வாய் மடையைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் வந்து சொன்னபிறகுதான் தலைவருக்கு விஷயம் விளங்கியது. விளங்கியதும் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்லுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இது ஏன் நடந்தது, எப்படி நடந்தது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. ஏன் அவர் வீட்டுக்கு முதலில் வந்தது என்றுதான் கேட்டார்கள்.

இதற்குப் பாலம் கட்டிய கதையைச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்துச் சுவரில் பெயிண்டால் எழுதியிருக்கிறபடி அது ‘ஊர் மகாஜனங்கள் வீட்டுக்கொரு கல் ஈந்து எழுப்பிய தியாகப் பாலம்’. வெள்ளைக்காரன் காலத்தில் கால்வாயை வெட்டி, ஊரை இந்தக் கரை என்றும் எதிர்க்கரை என்றும் இரண்டாகப் பிளந்தார்கள். பிளந்தபிறகு, வயலெல்லாம் அந்தப் பக்கமும் வயலுக்குச் சொந்தக்காரர்களெல்லாம் இந்தப் பக்கமும் நிற்பதைப் பார்த்துப் பாலத்துக்கு உத்தரவு போட்டார்கள். உத்தரவோடு வந்த கருங்கல் முழுவதும் காண்டிராக்டரின் பங்களாவாக எழும்பி நின்றது. அதைக் கேட்கத் துணியாத தாசில்தார், வீட்டுக்கு ஒரு கல் தரவேண்டும் என்று தண்டோரா போட்டார். மகாஜனங்கள் அவரவர் வீட்டைச் சுற்றிச்சுற்றி வந்து, போனால் தெரியாத கல் எது என்று தேடினார்கள். ஒருவர் உடைந்த அம்மியைக் கொடுத்தார், ஒருவர் ஓட்டை விழுந்த உரலைக் கொடுத்தார், ஒருவர் மாமியார் செத்தபிறகு யாரும் உட்காராத குளிக்கிற கல்லைக் கொடுத்தார், கோயில்காரர்கள் சிற்பி மூக்கைத் தவறாக வெட்டிவிட்ட தூணைக் கொடுத்தார்கள், ஆறுமுகநயினாரின் முப்பாட்டனார் மாட்டுத்தொழுவத்து மூத்திரவாய்க்காலில் பதித்திருந்த கல்லைக் கொடுத்தார். தொழுவம் இருந்த இடத்தில்தான் பின்னாளில் தலைவரின் படுக்கையறை வந்தது.

எதிர்க்கரையிலே யாரும் கல் கேட்கவில்லை. அவர்களுடைய கல் மகாஜனங்களின் கல்லோடு ஒட்டி உட்காருவது முறையில்லை என்று பேசி முடிவாயிற்று. அவர்களுடைய கை ஒட்டலாம், முதுகு ஒட்டலாம் என்றும் பேசி முடிவாயிற்று. எதிர்க்கரைப் பெண்கள் கருப்பட்டியும் கடுக்காய்த் தண்ணீரும் ஊற்றிச் சுண்ணாம்பு அரைத்தார்கள். எதிர்க்கரை ஆண்கள் கால்வாய்க்குள் மண்ணைக் குவித்து மேடாக்கினார்கள். அந்த மேட்டின்மேல்தான் வளைவு எழும்பியது. வளைவு மூடியபிறகு கீழே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுக்கவேண்டும், எடுக்கும்போது வளைவு நின்றாலும் நிற்கும், தோண்டுகிறவன் தலையில் விழுந்தாலும் விழும் என்பதால், கல் கொடுத்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு கரையில் நிற்க, எதிர்க்கரைக்காரர்கள் உள்ளே நுழைந்து தோண்டினார்கள். வளைவு நின்றது. குடை பிடித்தவர்கள் கைதட்டிக்கொண்டார்கள்.

வளைவின் உச்சியில், இரண்டு பக்கத்துக் கற்களையும் ஒன்றோடொன்று முட்டக்கொடுத்து நிறுத்தும் பூட்டுக்கல் யார் வீட்டுக் கல் என்பதில் மட்டும் எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தகராறு உண்டு. கேட்ட வீட்டிலெல்லாம் அது எங்கள் வீட்டுக் கல் என்பார்கள். அந்தப் பேச்சில் கோயிலில் ஒரு கொடை விழாவே நின்று போயிருக்கிறது.

ஆக, முதல் கல் வந்தது. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற குற்றாலலிங்கம் சார் டேப் வைத்து அளந்து பார்த்து, அது தலைவரின் முப்பாட்டனார் அமர்ந்து நியாயம் தீர்த்த ஆசனக்கல் என்று அறிவித்தார். தலைவர் அதற்குக் கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே விளக்குப் போட்டார். மழைக்காலத்தில் மட்டும் அந்த அறையில் லேசாகத் தொழுவத்து வாடை வரும். அதைத் தெய்வீக மணம் என்று அவர் மனைவி சொல்ல, வந்தவர்கள் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு போனார்கள்.

அதன்பின் விடியலுக்கு ஒன்றாக, சில விடியலில் இரண்டு மூன்றாக, கற்கள் புறப்பட்டன. புறப்படுவதற்குச் சில நாள் முன்பு கல்லைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடி உதிரும். அப்புறம் ஒரு காலையில் அது அங்கே இருக்காது. அந்தக் குடும்பத்து அடுப்பு எங்கே எரிகிறதோ அங்கே கல் போய்ச் சேர்ந்தது. பழைய மனையிலேயே வீடு இருந்தால் பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தது உரலின் பாதி. அது ஃபிரிட்ஜ் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதால் ஃபிரிட்ஜ் கூடத்துக்கு வந்து சாமிபடத்துக்குக் கீழே நின்றது. சென்னைக்குக் குடிபோன ஒரு குடும்பத்துக்கு நாலாவது மாடியில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் போய் இறங்க, குடியிருப்போர் சங்கம் அவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தது. பாகம் பிரித்த அண்ணன் தம்பிகளில் யாருக்குக் கல் என்று வழக்கறிஞர்கள் சட்டையை மடித்துக்கொண்டு இறங்கிய சமயத்தில், அது பெற்ற தாய்க்குச் சோறு போடுகிறவன் வீட்டுக்குப் போகிறது என்று தெரியவந்தது. அந்த வாரமே முதியோர் இல்லத்துக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன, ஒரே தாயை இரண்டு மகன்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்ததையும் நாங்கள் பார்த்தோம்.

கல் வராதவர்கள் கடப்பாரையோடு போய்ப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். பெயர்த்த கல் மறுநாள் காலையில் அதற்கு உரியவர் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, பெயர்த்தவர் மானத்தை வாங்கியது. கல் வந்த வீடுகளில் வாசலில் பலகை மாட்டினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் சொஜ்ஜியைத் தொடுவதற்கு முன்னால் கல்லைப் பார்க்கவேண்டும் என்றார்கள். மூக்குத் தவறின தூண் கோயிலுக்குத் திரும்பி வந்து, அதற்குத் தனிச் சன்னதியும் தனி உண்டியலும் ஏற்பட்டு, மூக்கு சம்பந்தப்பட்ட நோய்களுக்குக் கண்கண்ட தெய்வமாயிற்று.

நடுவில் ஒன்று நடந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சைக்கிள் கடை மரியதாசன் தன் வீட்டுக்கு வந்த கல்லை, ‘பாலத்துல இருக்க வேண்டியது எனக்கு எதுக்கு’ என்று சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், அது இருந்த பொந்திலேயே செருகி வைத்தார். கல் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக அங்கேயே இருந்துவிட்டது. மறுநாளும் இருந்தது, மறுவாரமும் இருந்தது. திருப்பி வைத்தால் கல் நிற்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. ஆனால் கல் இல்லாத வீடு என்று மரியதாசன் மகளுக்கு நிச்சயமான சம்பந்தம் தட்டிப்போக, அவர் மனைவி மூன்று வேளையும் அழ, அவர் திரும்பவும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கல்லைக் கொண்டுவந்தார். அதன்பின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பாலம் மெலிந்துகொண்டே வந்தது. முதலில் பஸ் நின்றது, பிறகு வேன், பிறகு பைக். பிறகு எதிர்க்கரை ஆட்கள் கால்வைக்கும் இடம் பார்த்துப் பார்த்து, சந்து சந்தாகத் தெரியும் தண்ணீரைப் பார்க்காமல் நடந்து வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கையைப் பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பால்காரர்கள் கேனைத் தலையிலிருந்து இறக்கிக் கைமாற்றினார்கள். அவர்கள் வராமல் எங்களுக்கு ஒரு நாளும் விடியாது. எங்கள் வாசல் கூட்டுவதும், எங்கள் சாக்கடை அள்ளுவதும், எங்கள் தென்னையில் ஏறுவதும், எங்கள் மண்டபத்தில் அண்டா விளக்குவதும் அவர்கள்தான். அடுத்த பாலத்துக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறவேண்டும். அதனால் நாங்களும் கவலைப்பட்டோம். கவலைப்பட்டு, ‘பாலம் பலவீனமாக உள்ளது, கவனமாகச் செல்லவும், இங்ஙனம் கல் வந்த குடும்பங்கள்’ என்று ஒரு போர்டு வைத்தோம்.

இத்தனை கல் போனபிறகும் அது எப்படி நிற்கிறது என்று பார்க்க வந்த பொதுப்பணித்துறை இன்ஜினியர் தவமணிராஜ், பரிசலில் கீழே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார்: பூட்டுக்கல்லைத் தவிர மிச்சம் நிற்பவை எல்லாம் போவதற்கு வீடு இல்லாத கற்கள். காலராவில் ஒரே வாரத்தில் பூண்டோடு போன குடும்பத்தின் கல், பிள்ளையில்லாமல் செத்த தம்பதியின் கல், கோயிலுக்கு ஆடிவிட்டுப் பெயர் தெரியாமல் மறைந்துபோன ஒருத்தியின் கல், கண்டிக்குக் கப்பலேறித் திரும்பாதவனின் கல். உலகத்தில் எந்த மூலையிலும் அவர்களுக்காக அடுப்பு எரியவில்லை. எங்கள் பிள்ளைகளைத் தாங்கியது அவர்கள்தான், அவர்கள் பெயரில் எங்கள் ஊரில் ஒரு சந்துகூட இல்லை.

“அதுகளும் எத்தன நாளைக்குத் தாங்கும்?” என்றார் தலைவர்.

“பூட்டுக்கல் இருக்கது வரைக்கும் தாங்கும் சார். அது எறங்கிட்டுன்னா மொத்தமும் எறங்கிரும்” என்றார் இன்ஜினியர். “நேத்துலருந்து அதச் சுத்திச் சுண்ணாம்பு உதிருது.”

அன்றைக்குச் சாயங்காலம் பேரூராட்சி அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். அதுவரைக்கும் பூட்டுக்கல் எங்களுடையது என்று சண்டைபோட்டு மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, அது எங்களுடையது இல்லவே இல்லை என்றார்கள். “எங்க தாத்தா சும்மா பெருமைக்குச் சொன்னதுவே அது, அவருக்கு வாயத் தொறந்தா பொய்யிதான்” என்று ஒரு பெரிய மனிதர், தாத்தாவின் பெயரில் அவரே கட்டிய நூலகத்தைக் கையால் காட்டிக்கொண்டே சொன்னார். கல்லின் அடிப்புறம் போட்டோவில் எப்படி இருக்கிறது என்று குற்றாலலிங்கம் சார் பார்த்தார். நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. ஓரத்தில் மஞ்சள் பூசிப்பூசி ஊறின தடம் இருந்தது. அது வாசப்படிக் கல் என்று தெரிந்துகொள்ள வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. வாசப்படிக் கல் இல்லாத வீடு எது என்று யாரோ கேட்டார்கள். எங்களில் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போனதே கிடையாது, ஆனால் எல்லாருக்கும் அது எந்த வீடு என்று தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தில் பாலம் கட்டிய கடைசி நாளில், எல்லாக் கல்லும் தீர்ந்து, உச்சியில் ஓர் இடைவெளி மட்டும் பாக்கி நின்றிருக்கிறது. மகாஜனங்கள் கொடுத்த உடைசல் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. அணையில் தண்ணீர் திறக்க நாள் குறித்தாகிவிட்டது. கல்தச்சர்கள் எதிர்க்கரைக்குப் போய், அங்கே கல் இருந்த ஒரே வீட்டில் வாசப்படியைப் பெயர்த்துக்கொண்டு வந்து பொருத்திவிட்டார்கள். அந்த வீட்டுக்காரி அந்த நேரத்தில் அதே பாலத்துக்குச் சுண்ணாம்பு சுமந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனவள் வாசலில் குழியைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கேட்டதற்கு, ‘பொதுக்காரியம்’ என்று ஒரு சொல்லைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் குழியில் அந்தக் குடும்பம் ஒவ்வொரு வருஷமும் மண் வைக்கும், ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை அதைக் கரைத்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். அந்த வழியில் வந்தவள் வெள்ளத்தாயி.

வெள்ளத்தாயி எங்கள் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் விளக்குகிறவள். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒரு குடும்பம் ஆகிவிட்டான். ஊர்க் கல்யாணங்கள் எல்லாவற்றின் கரியையும் கையால் தேய்த்துத் தேய்த்து, ஓலை வீட்டை ஓட்டு வீடாக்கி, ஓட்டு வீட்டைப் போன வருஷம்தான் தளம் போட்ட வீடாக்கியிருந்தாள். மகள் அகிலா இந்தக் கரையில் நர்ஸ் படிப்புக்குப் போகிறவள். அவள் உட்கார்ந்து படிக்கவென்று ஜன்னலோரம் ஒரு சிமெண்டு மேடை கட்டி, அதற்குச் சிவப்புச் சாயம் தேய்த்திருந்தாள் வெள்ளத்தாயி. ஊருக்குள் எத்தனையோ பங்களா இருக்கிறது, அந்தச் சிவப்பு மேடை மாதிரி பளபளப்பு எதிலும் கிடையாது. அந்த வீட்டைத்தான் இடித்துவிடச் சொல்லித் தலைவரும், இன்ஜினியரும், குற்றாலலிங்கம் சாரும், நாங்கள் சிலரும் பாலத்தில் பதுங்கிப்பதுங்கி நடந்து போய்க் கேட்டோம்.

“வீடு இருந்தா அடுப்பு எரியும், அடுப்பு எரிஞ்சா கல்லு வரும், கல்லு வந்தா பாலம் போயிரும்” என்று தலைவர் விளக்கினார். “பொதுக்காரியம் பாத்துக்க வெள்ளத்தாயி.”

அந்தச் சொல்லை அவள் வீட்டில் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்க வீட்டுக் கல்லுகளக் கொண்டுபோயி அதுஅது எடத்துல வச்சாப் போதுமே தலைவரய்யா. சைக்கிள்கட அண்ணாச்சி வச்சப்ப நின்னுச்சுல்லா.”

“அது செட்டாவாது. நான் கண்ணாடிப்பொட்டி செஞ்சுட்டேன். மந்திரி வந்து பாத்துட்டுப் போயிருக்காவ.”

“நீங்க, சார்வாள்?”

குற்றாலலிங்கம் சார், தன் வீட்டுக் கல்லைப் பற்றி ஒரு புத்தகம் பாதி எழுதியாகிவிட்டது, பாதியில் கல்லை எடுத்தால் புத்தகம் நிற்காது என்றார். இன்னொருவர், மகள் கல்யாணம் தை மாதம் முடிந்ததும் பார்க்கலாம் என்றார். எங்கள் வீட்டு உரலின் மேல் மிக்ஸி வைத்திருக்கிறோம் என்று நானும் சொன்னேன். அவள் எல்லாருடைய பதிலையும், மண்டபத்தில் எச்சில் தட்டுகளை வாங்கி அடுக்குவதுபோல வாங்கிக்கொண்டாள்.

“எங்க அம்ம இந்த வீட்டுக்குள்ள மழத்தண்ணிய எறச்சு எறச்சே செத்தா” என்றாள். “நான் தளம் போட்டு ஒரு வருசம் ஆவல. இடிக்க மாட்டேன்.”

இடிப்பது என்று பேரூராட்சியில் தீர்மானம் போட்டார்கள். பொக்லைன் வந்தது, பாலத்துக்கு முன்னால் வந்து நின்றது, அவள் வீட்டை இடிக்கவேண்டுமானால் அது பாலத்தைக் கடக்கவேண்டும், அது கடந்தால் பாலம் விழும், பாலம் விழுந்தால் வீட்டை இடிக்கவேண்டிய அவசியமில்லை என்பதை டிரைவர் பீடி பிடித்துக்கொண்டே பொறுமையாக எடுத்துச் சொல்ல, தலைவர் யோசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். கடப்பாரையால் இடிக்க ஆள் தேடினார்கள். எங்கள் ஊரில் கடப்பாரை பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் எதிர்க்கரையில் இருந்தார்கள். அவர்களுக்கு அன்றைக்குப் பார்த்து இடுப்பு வலித்தது.

அதன்பின் அவளே இடித்துக்கொள்வதற்காக ஒரு பாராட்டு விழா நடத்தினார்கள். மண்டபத்தின் முன்பக்கமாக அவள் அன்றுதான் முதல் முறை நுழைந்தாள். பொன்னாடை போர்த்தி, ‘பாலம் காத்த பாவை’ என்று பட்டம் கொடுத்து, சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம், மூன்று வேளையும் பார்சல் வரும், அடுப்பு மட்டும் கூடாது என்று மைக்கில் அறிவித்தார்கள். அவள் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “நானும் எம் மவளும் எங்கன இருக்க?” என்று கேட்டாள்.

“ஊருக்குள்ளயே ஒரு வாடக வீடு பாத்துக்க. வாடகைய ஆபீஸ்லருந்து குடுத்துருதோம்” என்றார் தலைவர். மேடையில் இருந்தவர்கள் பலமாகக் கைதட்டினார்கள், ஏனென்றால் அவர்கள் யாரும் வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் இல்லை.

அகிலா தினமும் அந்தப் பாலத்தில்தான் போய்வரவேண்டும் என்பதால் வெள்ளத்தாயியும் அவளும் வீடு பார்த்தார்கள். பாங்க் காலனியில் கேட்டார்கள், பிள்ளையார்கோயில் தெருவில் கேட்டார்கள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேட்டார்கள். இதற்கு முன்னெல்லாம் எதிர்க்கரைக்காரர்கள் வீடு கேட்டு வந்தால் எங்கள் ஆட்கள் கஷ்டப்பட்டுக் காரணம் தேடவேண்டியிருக்கும். மாடி இன்னும் பூசவில்லை என்பார்கள், மகன் துபாயிலிருந்து வரப்போகிறான் என்பார்கள், நாங்கள் கருவாடு சேர்ப்பதில்லை என்பார்கள். இப்போது கௌரவமான ஒரு காரணம் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்தது. “உன்ன வைக்கதுக்கு எங்களுக்கென்னம்மா, எங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கெடையாது. நீ வந்து ஒரு காப்பி போட அடுப்பப் பத்த வச்சா, உன் பின்னாலயே கல்லு இங்க வந்துரும், ஊர்ப்பாலம் எங்களாலல்லா போயிரும்” என்று வாசலிலேயே நிற்கவைத்துச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான் என்பதுதான் இதில் வேடிக்கை. அவள் எந்த வீட்டில் உலை வைத்தாலும் அந்த வீட்டுக்குக் கல் போகும். இந்தப் பூமியில் அவள் உலை வைக்கக்கூடிய இடம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. இதற்குள் பூட்டுக்கல்லைச் சுற்றிச் சுண்ணாம்பு கொட்டிக்கொட்டிக் கீழே தண்ணீர் வெள்ளையாக ஓடியது. அகிலா ஒரு நாள் காலையில் பாலத்தைக் கடக்கும்போது அது காலடியில் அசைந்ததாக வந்து சொன்னாள்.

அன்றைக்கே வெள்ளத்தாயி பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள். உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே பேசினாள்.

“நான் ஒரு எடம் பாத்துட்டேன்.”

“நல்லதாப் போச்சு. எந்தத் தெரு?”

“பாலந்தான். அது எங்க வீட்டுக் கல்லு. அடுப்பு எரியுத எடத்துக்கு அது வரும்னு சொல்லுதீங்க. அது இருக்குத எடத்துலயே நான் அடுப்பப் போட்டுக்கிட்டேன்னா அதுக்கு எங்கயும் போவ வேண்டாம்லா.”

தலைவர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் மேலே ஃபேனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “டெக்னிக்கலா கரெக்டு சார்” என்றார்.

பொதுவழியில் குடியிருப்பு என்பது ஆக்கிரமிப்பு ஆகாதா என்று ஒருவர் கேட்டார். ஆகும், அதனால் அதற்கு முறையாகத் தீர்வை விதித்துவிடலாம் என்றார் தலைவர். கல்லை அவரவர் திருப்பி வைக்கிறது இதைவிடச் சுலபம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். நாங்கள் எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்த கல்லை நினைத்துக்கொண்டு, வெள்ளத்தாயி பாலத்தில் குடியேறலாம் என்று ஒருமனதாகக் கை தூக்கினோம்.

எதிர்க்கரை ஆட்கள் மூங்கிலும் தகரமும் கொண்டுவந்தார்கள். இடுப்பு வலியெல்லாம் போய்விட்டிருந்தது. பூட்டுக்கல்லுக்கு நேர் மேலே அவள் அடுப்பைக் கூட்டி, சுள்ளி வைத்து, பால் காய்ச்சினாள். பால் பொங்கும் நேரத்தில் கீழே சுண்ணாம்பு உதிர்வது நின்றுவிட்டதாகப் பரிசலில் இருந்த இன்ஜினியர் கத்திச் சொன்னார். கால்வாய்த் தண்ணீர் தெளிந்தது. அந்தக் கல் அதற்கப்புறம் ஒரு நூல்கூட அசையவில்லை. அவளுடைய தளம் போட்ட வீடும் இடிபடாமல் நின்றது. அகிலா சிவப்பு மேடையில் உட்கார்ந்து படித்தாள், சாப்பிட மட்டும் பாலத்துக்கு வந்தாள்.

பாலம் மெலிந்துபோயிருந்ததால் வீடு அதன் அகலம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. கால் வைக்கத் தோதான கற்கள் மிஞ்சியிருந்ததும் நடுவில்தான். ஆகவே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகவேண்டுமானால் வெள்ளத்தாயியின் முன்வாசலில் நுழைந்து, அடுப்பைச் சுற்றி, தண்ணீர்க் குடத்தை இடிக்காமல், பின்வாசலில் வெளியேறவேண்டும். அவள் யாரையும் மறிக்கவில்லை. ஒரு பைசா கேட்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்.

“வீட்டுக்குள்ள செருப்புக்காலோட வராதீங்க. நான் தரையிலதான் சோறு பொங்குதேன்.”

பிள்ளைகள் கழற்றினார்கள். பால்காரர்கள் கழற்றினார்கள். அது ஒரு பெரிய விஷயமாகவே யாருக்கும் படவில்லை, ஆறுமுகநயினார் அறுவடை பார்க்க எதிர்க்கரைக்குக் கிளம்பிய அந்தக் காலைவரைக்கும். அவர் பின்னால் வயல்காரர்கள் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் போனோம். அவர் வாசலில் நின்றார். உள்ளே வெள்ளத்தாயி சாளைமீன் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். அவர் காலைப் பார்த்தாள், மரியாதையாக எழுந்து நின்றாள்.

அவளுடைய அம்மா எங்கள் தெருவுக்குள் வரும்போது தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். அதைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தலைவரும் பார்த்தவர்தான். அவர் பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தார், அடுத்த பாலத்துக்குப் போகும் பஸ் வழியைப் பார்த்தார், விளைந்து சாய்ந்து கிடக்கும் தன் நெல்லைப் பார்த்தார். அவர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு கல் விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. அவர் அதை நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் என் வீட்டு உரலை நினைத்தேன்.

அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே கால் வைத்தார்.

“கையில தொங்க விடாதீங்க தலைவரய்யா, கொழம்புல மண்ணு விழும்” என்றாள் வெள்ளத்தாயி. “கக்கத்துல வச்சிக்கிடுங்க. எங்க அம்ம அப்படித்தான் வச்சிக்கிட்டுப் போவா.”

ஆறுமுகநயினார் வெள்ளைச் சட்டையின் கக்கத்தில் செருப்பை இடுக்கிக்கொண்டு, அடுப்பைச் சுற்றி, தண்ணீர்க் குடத்தை இடிக்காமல், பின்வாசல் வழியாக எதிர்க்கரைக்குப் போனார். வரிசையில் அடுத்து நின்ற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குனிந்தோம்.